மூணாவது வேணாம்

அந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் மூடி வைக்கிறியா பாப்பா? மூஞ்சிக்கு நேரா விரிச்சுப் பிடிச்சிருக்க, பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரியுது. ஸ்பானிஷ் புத்தகம்தான அது? அட்டையில அந்தக் கொடியைப் பார்த்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். சிவப்பு, மஞ்சள், சிவப்பு. பன்னெண்டு நாள் அந்தக் கொடிக்குக் கீழதான் நான் அரைப்பட்டினி கிடந்தேன்.

என்னது, அடுத்த மாசம் நீயும் போறியா? சிநேகிதிங்க நாலு பேரோடயா? அங்க எங்கிட்டு நல்லா சாப்பிடலாம்னு என்கிட்டயா கேக்குற? கேளு. சரியான ஆள்கிட்டத்தான் கேட்டிருக்க. ஒவ்வொரு ஊரா சொல்றேன், எழுதிக்கிறதுன்னா எழுதிக்க. ஆனா நடுவுல பேசக்கூடாது. நான் முப்பத்தோரு வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல ஆபரேட்டரா இருந்தவ. விசாலாட்சின்னா மதுரை எக்ஸ்சேஞ்ச்ல பழைய ஆளுக எல்லாருக்கும் தெரியும். ட்ரங்க் கால்ல எவன் என்ன முனகினாலும் ஒரு எழுத்து தப்பாம எடுத்துருவேன். என் காது தப்பாக் கேட்காது. அதை மனசுல வெச்சுக்கிட்டுக் கேளு.

போன் அடிக்குதா? அடிக்கட்டும். என் மகதான். காலைல சென்னையில இறங்குனதுல இருந்து இது எட்டாவது தடவை. எடுக்க மாட்டேன். இந்த வைகை எக்ஸ்பிரஸ் மதுரை போய்ச் சேர்றவரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கட்டும். ஒருத்தி வயித்தெரிச்சலோட பிளேன் ஏறியிருக்கா, அவளுக்கு எட்டு தடவை போன் எதுக்கு? அங்க வெச்சுச் சிரிச்சது பத்தலையாக்கும்.

ஒத்தைப் பிள்ளை அவ. அங்கயற்கண்ணின்னு பேர் வெச்சேன். அவ ஆபீஸ்ல 'அங்கா'ன்னு சுருக்கிட்டாய்ங்க. அவ அப்பா போய்ச் சேர்ந்து ஆறு வருஷமாச்சு, எனக்கு வேற யாரும் இல்ல. மாப்பிள்ளை கபிலன், தூத்துக்குடிப் பக்கம். ரெண்டு பேரும் மாட்ரிட்ல கம்ப்யூட்டர் வேலை. இப்ப கண்ணிக்கு அஞ்சு மாசம். தலைப்பிரசவம். தலைப்பிரசவத்தை யார் பார்க்கணும், நீயே சொல்லு. பெத்தவதான? இதுக்குப் போய் ஒரு பஞ்சாயத்தா?

ஆனா அவங்க இருக்கிறது தீப்பெட்டி மாதிரி ஒரு வீடு. ஆள் தங்க ஒரே ஒரு ரூம்தான். அதனால பிரசவத்துக்கு ரெண்டு அம்மாவுல ஒருத்தர்தான் வர முடியும்னு ஏற்கெனவே போன்ல ஒரு பேச்சு ஓடிக்கிட்டிருந்துச்சு. வயிறு கனக்கிறதுக்கு முன்னாடி ரெண்டு அம்மாவுக்கும் ஊரைச் சுத்திக் காட்டிரலாம்னு மாப்பிள்ளை டிக்கெட் போட்டாரு. நானும் போனேன், அவர் அம்மாவும் வந்தா. சண்முகக்கனின்னு பேரு. மதினி மதினின்னு நாக்குல தேன் தடவிக்கிட்டுப் பேசுவா. எனக்குத் தெரியாதா? யாரைப் பிரசவத்துக்குக் கூப்பிடுறதுன்னு இந்தப் பயணத்துல தீர்மானமாகும்னு எனக்குத் தெரியும், அவளுக்கும் தெரியும்.

எழுதிக்க. முதல் ஊர் மாட்ரிட். காலைல ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனாக. சுவரு பூராம் நீலக் கல்லு பதிச்ச கடை. கையைத் துடைச்ச காகிதத்தைத் தரையிலயே போடுறாய்ங்க, அதுதான் வழக்கமாம். மாவை முறுக்கு கணக்கா எண்ணெயில நீளமாப் பிழிஞ்சு, கெட்டி சாக்லேட்ல முக்கித் திங்கிறது அங்க பலகாரம். சர்வர் வந்து என் முன்னாடி நின்னான். எனக்குப் பசி உயிர் போகுது. ஆனா வந்த இடத்துல எடுத்ததும் குடுன்னு கேட்க முடியுமா? எனக்கு ஒண்ணும் வேணாம்னேன். கண்ணி அதை அப்படியே அவன்கிட்ட அவங்க பாஷையில சொன்னா.

அவன் என்ன செஞ்சான் தெரியுமா? என் மூஞ்சியை நேரா பார்த்து 'பலே'ன்னான். பலேன்னு சொல்லிட்டுப் போயே போயிட்டான்!

என்ன சிரிக்கிற? இரு, நடுவுல பேசாதன்னு சொன்னேன்ல.

நம்ம பக்கம் எப்படி? ஒரு வீட்டுக்குப் போறோம், சாப்பிடுங்கன்னு சொல்றாக. வேணாம்கிறோம். முதல் தடவை சொல்றது மரியாதைக்கு. ரெண்டாம் தடவை கூச்சத்துக்கு. மூணாம் தடவையும் வேணாம்னு சொன்னாத்தான் அது நிசமான வேணாம். அதுவரைக்கும் கரண்டியோட நிக்கணும், அதுதான் போடுறவளுக்கு லட்சணம். அந்த ஊர்ல ஒரு தடவை வேணாம்னா முடிஞ்சுது. வேணாம்னு சொன்னவளைப் பார்த்து பலேங்கிறான். பலே கெட்டிக்காரி, கிட பட்டினியா, அதான அர்த்தம்? கனி மட்டும் நாலு முறுக்கை முக்கித் தின்னா. 'ஒண்ணே ஒண்ணு எடுத்துகிடுங்க மதினி'ன்னு தட்டை என் பக்கம் தள்ளுனா. அவ குடுத்து நான் திங்கணுமாக்கும். வேணாம்னுட்டேன்.

அதுக்கப்புறம்தான் கவனிச்சேன், ஊரு பூராம் அந்த நக்கல்தான். பஸ்ல டிரைவர் பலேங்கிறான். காய்கறிக் கடைக்காரி பலேங்கிறா. என் மக போனை எடுத்தா பலே, வைக்கும்போது பலே பலே. மாப்பிள்ளையும் அப்படியே. நம்ம வார்த்தைய எந்தக் காலத்துல எவன் அங்க கொண்டுபோய் விட்டானோ! என்னன்னு ஒரு தடவை கேட்டிருக்கலாம்லங்கிறியா? எதுக்குக் கேட்கணும்? தமிழ் வார்த்தைக்கு எனக்கு அர்த்தம் தெரியாதா? காதுல தெளிவா விழுதுல்ல.

ரெண்டாவது ஊர் டொலேடோ. மேட்டு மேல ஊரு, ஏறி ஏறி முட்டி கழண்டுருச்சு. அங்க ஒரு கன்னியாஸ்திரி மடம். பாதாமை அரைச்சு சர்க்கரை போட்டு மிட்டாய் பிடிக்கிறாக. ஆனா வெளி ஆளுக யாரும் அவங்க முகத்தைப் பார்க்கக்கூடாதாம். சுவத்துல மரத்தால ஒரு சுத்துற பெட்டி இருக்கு. மணி அடிச்சுட்டு அதுக்கிட்ட வாயை வெச்சுப் பேசணும். உள்ள இருந்து குரல் மட்டும் வரும், அப்புறம் பெட்டி சுத்தி மிட்டாய் இங்கிட்டு வரும். எனக்கு என்னமோ அந்தக் குரல் மேல ஒரு பிரியம் வந்துச்சு. நானும் அப்படித்தான முகம் தெரியாம முப்பத்தோரு வருஷம் உட்கார்ந்திருந்தேன்?

கண்ணி அந்த ஓட்டைக்கிட்ட குனிஞ்சு கால் மணி நேரம் பேசுறா. வயித்துப் பிள்ளைக்காரி, அவ்வளவு நேரம் குனியலாமா? கேட்டா, 'முட்டை தடவாதது இருக்கான்னு கேட்டுக்கிட்டிருக்கேன்மா, உனக்காக'ன்னா. எல்லாத்துலயும் மேல முட்டைக்கரு தடவியிருக்காம். எனக்கு அலுத்துப்போச்சு. எனக்கு வேணாம், வா போகலாம்னு சத்தம் போட்டேன். அவ அதைச் சொல்லவும் உள்ள இருந்து மெதுவா ஒரு குரல், 'பலே, பலே'ங்குது. சாமியாரம்மா! சாமிக்குன்னு போனவ! நான் எத்தனை குடிகாரன் கால், எத்தனை கெட்ட வார்த்தை கேட்டிருப்பேன், ஒருநாள் ஒருத்தரை நக்கல் பண்ணியிருப்பேனா? அந்த மடத்துக்குப் போகாத.

மூணாவது கோர்டோபா. அடிக்கிற வெயிலுக்கு மதுரை தேவலை. கண்ணி எனக்காக ஒரு சீட்டு எழுதி வெச்சிருந்தா. கறி கூடாது, மீன் கூடாது, முட்டை கூடாதுன்னு ஸ்பானிஷ்ல எழுதி, கடைக்குக் கடை அதை நீட்டுறா. ஆஸ்பத்திரி நோயாளி மாதிரி சீட்டோட நான் அலையணும். கழுத்துல கட்டித் தொங்க விடல, அவ்வளவுதான் குறை.

தக்காளியும் ரொட்டியும் அரைச்சு ஒரு ஜில்லுனு குழம்பு வந்துச்சு, ஆளுக்கு ஒரு கிண்ணம். என்னோடதுல மேல சிவப்பா, பொடிசா என்னமோ தூவியிருந்துச்சு. அன்னிக்கு நான் வேணாம்னே சொல்லல, ஸ்பூனை எடுத்துட்டேன். எடுத்து வாய்க்கிட்ட கொண்டு போறேன், இந்தக் கனி பாய்ஞ்சு என் கிண்ணத்தை இழுத்துக்கிட்டா! இழுத்து, மடக் மடக்குன்னு அவளே குடிச்சிட்டா. எனக்கு வந்துச்சு பாரு கோவம். என்னங்க இதுன்னா, 'மதினி, அதுல பன்னிக்கறி கிடந்துச்சு, நீங்க பார்த்துட்டா மனசு கஷ்டப்படுவீயன்னுதான்'கிறா. கறி கூடாதுன்னு சீட்டுல எழுதியிருக்குல்ல, அப்புறம் எப்படி வரும்? கண்ணி சர்வரைப் பிடிச்சு உலுக்கு உலுக்குன்னு உலுக்குறா. அவன் சொல்றானாம், கறின்னா வேற, இது பன்னித்தொடையை உப்புப் போட்டுக் காயவெச்சது, இதைக் கறின்னு யாரும் சொல்ல மாட்டோம்னு. இது நம்புற கதையா? நீயே சொல்லு.

ஏன் தலையாட்டுற? நிசமாவா? உன் புத்தகத்துல போட்டிருக்கா, கறி இல்லைன்னு சொன்னாலும் தொடைக்கறியைத் தனியாச் சொல்லணும்னு? ஆத்தி. சரி, அதை எழுதிக்க. நீயும் சைவமா? அப்ப நல்லாப் பெரிசா எழுதிக்க.

அந்தக் கடையில ஒண்ணு மட்டும் சொல்லணும். கத்தரிக்காயை மெல்லிசா நீளவாக்குல சீவி, எண்ணெயில மொறுமொறுன்னு பொரிச்சு, மேல கரும்புப் பாகு ஊத்திக் குடுத்தாய்ங்க. கத்தரிக்காய்க்கு இனிப்பா, என்ன கண்றாவிடான்னு ஒண்ணு எடுத்துப் பார்த்தேன். தட்டு காலியாயிருச்சு. நான்தான் காலி பண்ணேன்னு சொல்ல வரல, எல்லாரும்தான் தின்னோம். கண்ணி என்னையே பார்த்துச் சிரிச்சா. 'இன்னொரு தட்டு சொல்லவாமா?'ன்னு கேட்டா. வேணாம்னேன். 'பலே'ன்னு தட்டை நகர்த்திட்டா. என் பிள்ளை! நான் பத்து மாசம் சுமந்தவ, பந்தியில எத்தனை தடவை கேட்டுப் போடணும்னு சொல்லிக் குடுத்து வளர்த்தவ! அன்னிக்கு ராத்திரி பூராம் எனக்குத் தூக்கம் இல்ல. ஒரே ரூம், ஒரே கட்டில். பக்கத்துல கனி குறட்டை விடுறா.

இரு பாப்பா, என்னமோ சொல்ல வர்ற, நான் முடிச்சிடுறேன். டீ வேணுமா? தம்பி, ரெண்டு டீ குடுப்பா. வேணாம்கிறியா? சும்மா குடி. குடிம்மா, நான் வாங்கித் தர்றேன்ல. குடிக்கணும். பாத்தியா, மூணு தடவை சொல்லவும் வாங்கிக்கிட்ட. அதுதான் மனுசங்க பழகுற முறை.

அடுத்தது கிரனாடா. அங்க குடிக்க என்ன வாங்கினாலும் கூடவே ஒரு சின்னத் தட்டுல தொட்டுக்க வெஞ்சனம் சும்மா வரும். கேட்காமலே வரும். திராட்சை ரசம் வாங்கினா உருளைக்கிழங்கு வரும், இன்னொண்ணு வாங்கினா மிளகாயைச் சுட்டு உப்புத் தூவி வரும். கேட்காமக் குடுக்கிறதால அந்த ஊரு மட்டும் எனக்குக் கொஞ்சம் பிடிச்சுது. வேணாம்னு சொல்ல வழியே இல்ல பாரு. மூணு கடை ஏறி இறங்குனோம். நாலாவது கடைக்குக் கூப்பிட்டாக. எனக்குக் கால் வலி, நான் ரூமுக்குப் போறேன், நீங்க போங்கன்னேன். நீயும் வந்தாத்தான் போவோம்னு சொல்லுவாகன்னு நின்னேன். கனி திரும்பி, 'பலே மதினி, படுத்துகிடுங்க'ன்னு சொன்னா பாரு!

அவளுக்கு யார் சொல்லிக் குடுத்தது? பத்து நாள்ல கத்துக்கிட்டா! மாப்பிள்ளை கைகொட்டிச் சிரிக்கிறாரு, அம்மாவுக்கு ஸ்பானிஷ் வந்துருச்சுங்கிறாரு. கண்ணியும் சிரிச்சா. மூணு பேரும் சேர்ந்து என்னை பலே சொல்றாங்க. ஒரு சம்பந்தியம்மாவை, முகத்துக்கு நேரா. நான் ரூமுக்கு வந்து புளிச்சாதப் பொடியைத் தண்ணியில கரைச்சுக் குடிச்சுட்டுப் படுத்தேன். அரை மணியில கண்ணி திரும்பி வந்து என் காலைப் பிடிச்சுவிட்டா. தூங்குற மாதிரியே கிடந்தேன்.

கடைசி ஊர் வலென்சியா. இதை எழுத வேணாம், கேட்டுக்க மட்டும் செய். ஊருக்கு வெளிய ஒரு பெரிய ஏரி, சுத்திலும் நெல்லு வயல். நம்ம சோழவந்தான் மாதிரி பச்சைப் பசேல்னு கிடக்கு. பார்த்ததும் எனக்கு மனசே ஆறிப்போச்சு. ஏரிக்கரையில ஒரு சோத்துக் கடை. அங்க சோறு எப்படின்னா, மாட்டு வண்டிச் சக்கரம் அகலத்துக்கு ஒரு தட்டையான சட்டி, அதுல சோறும் காயும் ஒண்ணா வெந்து, சட்டியோட மேசைக்கு வரும். தட்டே கிடையாது. ஆளுக்கு ஒரு மரக்கரண்டி. அவங்கவங்க முன்னாடி இருக்கிற பங்கை மட்டும் ஓரத்துல இருந்து நடுவைப் பார்த்துச் சாப்பிட்டுக்கிட்டே போகணும். அடுத்தவன் கோட்டைத் தாண்டக்கூடாது. அடியில பிடிச்சுக் கருகுன சோத்துக்குப் போட்டி வேற. நம்ம வீட்ல அடிப்பிடிச்சா மாமியார் வாயில விழணும், அங்க அதுதான் பக்குவமாம்.

பாப்பா, ஒரே சட்டி. அஞ்சாறு அங்குலம் தள்ளி அடுத்தவ கரண்டி வாய்க்குள்ள போயிட்டு வந்து சட்டிக்குள்ள இறங்குது. எச்சில் இல்லையா அது? கனி மீனும் நண்டும் தின்ன வாய். நான் கையை மடியில வெச்சுக்கிட்டேன். எனக்கு வேணாம்னேன்.

'அம்மா, உன் பக்கம் உன்னோடது, யாரும் தொட மாட்டோம்'னா கண்ணி. 'மதினி, மொதல்ல நீங்க உங்க பங்கை ஒரு தட்டுல எடுத்து வச்சுகிடுங்க. அப்புறம் நாங்க தொடுதோம்'னா கனி. ஒரு தட்டு வேற கேட்டு வாங்கி என் முன்னாடி வெச்சா. பெரிய தியாகி. எனக்கு வேணாம்னு மறுபடியும் சொன்னேன். அப்ப கண்ணி கரண்டியைக் கீழ வெச்சுட்டா.

'அம்மா, இந்தக் கடைக்கு ஒரு வாரம் முன்னாடியே போன் பண்ணினேன். முயல், நத்தை, மீன் எதுவும் படாத புதுச் சட்டி வேணும்னு கேட்டு, எல்லாருக்கும் காய்ச்சோறு சொன்னேன். அத்தை இந்த ஊருக்கு வந்ததே மீன் சோறு திங்கணும்னுதான். உனக்காக அவங்களும் இதைத்தான் சாப்பிடுறாங்க. நீ ஒரு வாய் சாப்பிட்டா என்னம்மா?'ன்னு கேட்டா. மாசமா இருக்கிற பிள்ளைக்கு மூச்சு வாங்குது. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லு? அத்தை, அத்தைன்னு அவளுக்குப் பரிஞ்சு பேசுறா. அவ மீன் திங்காததுக்கு நான் பொறுப்பா? நான் கேட்டேனா?

அப்பத்தான் சொன்னேன். 'நான் யாருக்கும் பாரமா இருக்க வரல. உன் மாமியாரையே பிரசவத்துக்கு வெச்சுக்க. நான் வரல'ன்னேன்.

ஒரே ஒரு தடவைதான் சொன்னேன் பாப்பா. சத்தியமா ஒரு தடவைதான். அதுக்கு ஒரு பிள்ளை என்ன சொல்லணும்? என்னம்மா இப்படிப் பேசுற, நீ இல்லாமயான்னு கையைப் பிடிக்க வேணாமா? நான் மறுபடியும் வரலைன்னு சொல்லுவேன், மூணாவது தடவை அவ அழுவா, நானும் அழுவேன், அந்தக் கரண்டியை எடுத்து ரெண்டு வாய் சாப்பிட்டிருப்பேன். எச்சிலாவது ஒண்ணாவது.

அவ என்னைப் பார்த்தா. கண்ணு செவசெவன்னு இருந்துச்சு, ஏரிக்காத்து அப்படி. அப்புறம் ரொம்ப மெதுவாச் சொன்னா. 'பலேமா'.

தலைப்பிரசவத்துக்கு வரலைன்னு பெத்தவ சொல்றா. மக பலேங்கிறா. அந்தச் சர்வர் சொன்னதையெல்லாம் தாங்கிக்கிட்டேன். இதைத் தாங்கல. மறுநாளே டிக்கெட்டை மாத்தச் சொன்னேன். ஏர்போர்ட்ல அவ கண்ணாடிக்கு அந்தப் பக்கமே நின்னா, எனக்குத் தெரியும். திரும்பியே பார்க்கல நான். நக்கல் பண்ணவளை என்ன திரும்பிப் பார்க்கிறது? இப்ப ஒன்பதாவது தடவை அடிக்குது பாரு. அடிக்கட்டும்.

சரி, நான் முடிச்சுட்டேன். என்ன சொல்ல வந்த? அப்ப இருந்து வாயைத் திறந்து திறந்து மூடுற. சொல்லு.

எது? முதல் பாடத்துலயேவா? எங்க காட்டு. கண்ணாடியைப் போட்டுக்கிறேன், இரு. எந்த வரி? வி, ஏ, எல், ஈ. இதுவா? வியை அவங்க பி மாதிரி சொல்லுவாய்ங்களா? அப்படின்னா பலே. சரி. அர்த்தம் என்ன போட்டிருக்கு?

சரியா?

சரின்னா, சரிங்கிறதா? ஆகட்டும்கிற சரியா? வேற அர்த்தம் இல்லையா? நல்லாப் பாரு. அடுத்த பக்கத்துல பாரு.

அப்ப அந்த சர்வர், நான் வேணாம்னதுக்கு, சரின்னு சொல்லிட்டுப் போயிருக்கான். மடத்துல அந்தம்மா, சரி, சரின்னு சமாதானமாச் சொல்லியிருக்கு. கனி சொன்னது, சரி மதினி, படுத்துக்கங்கன்னு. நான் அவளை என்னென்ன நினைச்சேன். என் காது சரியாத்தான கேட்டுச்சு. ஒரு எழுத்து தப்பலையே.

அப்ப என் மக?

நான் வரலைன்னேன். அவ சரின்னுட்டாளா?

நீ ஒண்ணும் சொல்லாத. தண்ணி வேணாம். நக்கலாவே இருந்திருக்கலாம் பாப்பா. நக்கல்னா சண்டை. சண்டைன்னா நாலு நாள் மூஞ்சியைத் தூக்கிட்டு இருந்துட்டு அவளே வந்து கழுத்தைக் கட்டுவா. சரின்னா என்ன பண்றது? சரின்னா முடிஞ்சுபோச்சுல்ல. நான் வேணாம்னேன், அவ சரின்னுட்டா. பன்னெண்டு நாள் எத்தனை தடவை கேட்டிருக்கா. இது சாப்பிடுறியாமா, அது வாங்கவாமா, இன்னொரு தட்டு சொல்லவாமா. அத்தனைக்கும் வேணாம் வேணாம்னேன். அவளும் கேட்டுக் கேட்டு அலுத்துட்டா போல. மூணு தடவைக் கணக்கை நான்தான் தாண்டிட்டேனா? எனக்கு எண்ணத் தெரியலையா?

அதுக்குக் கீழ என்ன, இன்னொரு வரி இருக்கு? இதுலயும் பலேதான வருது? நோ பலே. இதுக்கு என்ன அர்த்தம்? செல்லாதா? சின்னப் பிள்ளைக விளையாடும்போது, இந்த ஆட்டம் செல்லாது, மறுபடியும் முதல்ல இருந்துன்னு சொல்றதா? அப்படிச் சொன்னா ஒத்துக்குவாய்ங்களா அந்த ஊர்ல? நீ பாடம் படிச்சவ, உனக்குத் தெரியும்ல. நோ பலே. நோ பலே. நான் சொல்றது சரியா இருக்கா? காது கூர்மையா இருந்து என்ன செய்ய, நாக்கு வர மாட்டேங்குது.

இது என்ன ஸ்டேஷன், அரியலூரா? நல்லதாப் போச்சு, டவர் கிடைக்கும். அங்க இப்ப மணி ரெண்டு இருக்கும், சாப்பாட்டு நேரம். இந்தா, அந்தப் பக்கத்தை என் முகத்துக்கு நேரா விரிச்சுப் பிடி. அட, அப்ப மூடச் சொன்னேன், இப்ப விரிக்கச் சொல்றேன். பிடிம்மா.

ரிங் போகுது.

ஹலோ. கண்ணியா? யாரு, கனி மதினியா? ம். வந்து சேர்ந்துட்டேன். ரயில்ல இருக்கேன். சாப்பிட்டேன், சாப்பிட்டேன். இல்ல, டீதான் குடிச்சேன், பொய் சொல்லல. நீங்க சாப்பிட்டீங்களா? மதினி, அன்னிக்கு அந்தத் தக்காளிக் கிண்ணம். இல்ல, ஒண்ணுமில்ல. அப்புறம் சொல்றேன். அவகிட்டக் குடுங்க போனை.

பலேங்கிறா, பாப்பா. கூப்பிடப் போயிருக்கா.

ஹலோ. கண்ணி, அம்மாதான். பேசாத, நான் சொல்றதைக் கேளு. அன்னிக்கு ஏரிக்கரையில நான் சொன்னேன்ல, பிரசவத்துக்கு வரலைன்னு. அது நோ பலே. ஆமாடி, நோ பலே. உங்க ஊர்ப் பாஷைதான், தப்பா சொல்றேனா? செல்லாது. நான் வரேன். அத்தையும் இருக்கட்டும், நான் கீழ பாய் போட்டுப் படுத்துக்குவேன். உன்கிட்ட நான் கேக்குறேன், வரட்டுமா?

கண்ணி? லைன்ல இருக்கியா?

என்ன சொன்னாளா? வேணாம்மா, நீ சிரமப்படாதங்கிறா. அப்படித்தான் சொன்னா. என் காதுல தெளிவா விழுந்துச்சு.

நீ ஏன் பாப்பா கண்ணைத் துடைக்கிற? புத்தகத்தைக் கீழ இறக்காத. இப்பத்தான ஒரு தடவை சொல்லியிருக்கா.